நான்கு மணி வெந்நீர்

நெய்யூர்
12.6.2024

அன்பு மருமகள் ரெஜிலாவுக்கு மாமா ஜான்ரோஸ் எழுதுவது. நாங்கள் சுகம். நீயும் உன் அம்மாவும் கொட்டாரத்தில் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதை நீ எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

இது எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னவன். நீ பி.காம் முடித்த அன்றைக்கே, இவள் நூறு பேருக்குத் தீனி போடும் உத்தியோகத்துக்குப் போவாள் என்று சர்ச் வாசலில் நின்று சொன்னேன். கேட்டவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை, மூன்றாவது ஆளுக்குக் காது கேட்காது. ஆகவே கொட்டாரத்து முந்திரிக் கம்பெனியில், அதாவது நம் வாய்க்கு வருகிற அண்டியாபீசில், உன்னை வேலையாட்கள் நலன் பார்க்கும் சூப்பர்வைசராகப் போட்டதும், நான்கு மணிக்குத் தின்பண்டம் கொடுக்க நீ முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கியதும், அந்த ஆர்டர் உன் மாமி நேசபாய்க்கு வந்ததும் எனக்குப் புதிய செய்தியே அல்ல.

நேற்று தங்கப்பனின் குட்டியானை வண்டியில் திரும்பி வந்த வடை டிரம்முக்குள் உன் துண்டுச்சீட்டைப் பார்த்தேன். “மாமா, டிரம் காலி. ஆனால் உடைக்கிற ஷெட்டில் ஒருத்தரும் தின்பதை நான் பார்க்கவில்லை. என்ன கூத்து இது?” இரண்டே வரி. இதையும் நான் எதிர்பார்த்தேன்.

போன் செய்யலாமே என்பாய். போனில் நீ “உம், உம், சரி மாமா, வைக்கட்டா” என்பாய். கடிதத்தில் என் பேச்சை யாரும் அறுக்க முடியாது. உனக்கும் ஷிப்டு முடியும்வரை போனை கேட்டில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். தங்கப்பன்தான் இனி நமக்குத் தபால்காரன். டிரம் மூடிக்குள் வைத்தால் கொஞ்சம் எண்ணெய் படும், ஆனால் போய்ச் சேரும்.

யார் வாங்குகிறார்கள், எப்படி வாங்குகிறார்கள், எல்லாம் விவரமாக எழுது. எட்டாம் வகுப்பை நான் இரண்டு தடவை படித்தவன். ஒரே தடவை படித்தவர்களுக்குப் புரியாதது எனக்குப் புரியும்.

கால் பரவாயில்லை. நாற்பது அடித் தென்னையிலிருந்து விழுந்தவன் இந்த மட்டுக்கு எழுந்து உட்கார்ந்ததே அதிசயம் என்று டாக்டர் சொன்னார்.

மாமி உன்னை விசாரித்தாள்.

இப்படிக்கு,
மாமா ஜான்ரோஸ்


கொட்டாரம்
18.6.2024

அன்புள்ள மாமாவுக்கு ரெஜிலா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உங்கள் கால் கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாள். மாமியின் பழம்பொரிக்கு இங்கே நல்ல பெயர்.

அதாவது, தோல் உரிக்கிற ஷெட்டில் நல்ல பெயர். நான் டிரம்மை இறக்கித் திரும்புவதற்குள் அங்கே தின்று ஏப்பம் விட்டுவிடுகிறார்கள். கொட்டை உடைக்கிற ஷெட்டில்தான் புதிர். அறுபது பெண்கள். வடை வாசம் வந்ததும் அறுபது முகமும் திரும்புகிறது. பசி இருக்கிறது மாமா, அது கண்ணில் தெரிகிறது. ஆனால் யாரும் கையை நீட்டுவதில்லை. சோற்றுப் பாத்திரத்தின் மூடியை நீட்டுகிறார்கள். நான் வடையை அதில் வைத்தால் மூடி அப்படியே பைக்குள் போகிறது. சுக்குக்காப்பி மட்டும் குடிக்கிறார்கள். அதுவும் கிளாசைச் சேலை முந்தானையால் சுற்றிப் பிடித்து. காப்பி அவ்வளவு சூடும் இல்லை.

இதில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. முதலாளி தாணுலிங்கம் ஆறு மாதம் பார்ப்பேன் என்றுதான் என்னை எடுத்தார். நேற்று கூப்பிட்டுச் சொன்னார்: “நான் குடுக்கது தின்னு தெம்பா வேல செய்யதுக்கு. தின்னலேன்னா எதுக்கு? தின்பண்டமும் வேண்டாம், அதப் பாக்கதுக்கு ஒரு சூப்பர்வைசரும் வேண்டாம்.”

எனக்கு வேலையைவிட இப்போது இதுதான் மண்டையைக் குடைகிறது. பசிக்கிற மனுஷி கையில் வடை கிடைத்தும் ஏன் தின்பதில்லை?

அன்புடன்,
ரெஜிலா


நெய்யூர்
24.6.2024

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது. சுகம், சுகமறிய ஆவல்.

உன் கடிதத்தைப் பாதி படிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மீதிப் பாதியை மரியாதைக்காகப் படித்தேன். உடைக்கிறவர்கள் ரோஷக்காரிகள். கை நீட்டி வாங்கினால் பிச்சை மாதிரி ஆகிவிடும் என்று மூடியை நீட்டுகிறார்கள். நீ முன்னால் நின்று பார்ப்பதால் தின்ன வெட்கம்.

பஹ்ரைனில் பதினோரு வருஷம் கேன்டீன் சூப்பரிண்டெண்டாக நானூறு பேருக்கு நாலு மணித் தீனி கொடுத்தவன் சொல்கிறேன். அவரவர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் வாழையிலைத் துண்டில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நில். பத்து நிமிஷம். திரும்பிப் பார்த்தால் வடை இருக்காது. இருந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

கால் கட்டு அடுத்த மாதம் பிரிப்பார்கள். ஐம்பது அடியிலிருந்து விழுந்தது லேசில் ஆறுமா?

மாமா ஜான்ரோஸ்


கொட்டாரம்
15.7.2024

அன்புள்ள மாமாவுக்கு, சுகம். மாமிக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும், இங்கே நிலைமை சரியில்லை.

நீங்கள் சொன்னபடி முதுகைக் காட்டி நின்றேன். திரும்பினால் வடை இல்லைதான். எல்லாம் மூடிக்குள் போயிருந்தது. பெயரை நீங்கள் மாற்ற வேண்டாம், ஆனால் முதலாளி சாயங்காலம் கேட்டில் ஒருத்தியின் பையில் வடையைப் பார்த்துவிட்டார். வெளியே டீக்கடையில் விற்கிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம். இனிமேல் கேட்டில் பையைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறார்.

அதற்கு மேல் பொறுக்கவில்லை. நேற்று வியாகுலம்மாள் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இருபத்தாறு வருஷமாகக் கொட்டை உடைப்பவர்.

“அக்கா, வடை பிடிக்கலியா?”

“பிடிக்காம என்ன? எனக்க மோளு வீட்டுல சூடாக்கித் திங்கா.”

“உங்களுக்குப் பசிக்கலியா?”

அவர் சிரித்தார். இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே விரித்தார். “இதப் பாரு மக்கா. இத வச்சு வடையத் தொட்டா அது வடையாட்டா இருக்கும்? வாய் பொள்ளிப் போவும்.”

கொட்டை ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்று கைகளில் சாம்பல் பூசியிருக்கிறார்கள். எண்ணெயும் சாம்பலும் சேர்ந்து விரலெல்லாம் தார் மாதிரி. மத்தியானச் சோற்றுக்கு மட்டும் தேங்காயெண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டு, கால்மணி நேரம் கழுவுகிறார்கள். பிறகு மறுபடியும் சாம்பல். உடைத்த பருப்பின் எடைக்குத்தான் கூலி. ஒரு வடைக்காக இன்னொரு கால்மணி நேரத்தை யார் விடுவார்கள்?

“ஒரு மாசமா இத யாரும் எங்கிட்ட சொல்லலியே அக்கா.”

“நீ கேக்கலியே ஏட்டி. நீ மூடியத்தானே பாத்துட்டு நின்னே.”

தோல் உரிப்பவர்களுக்குக் கை சுத்தம், அதனால் தின்கிறார்கள். இவ்வளவுதான் புதிர். விடை தினமும் என் கண்முன்னால் இருந்தது மாமா. இனி என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ரெஜிலா


நெய்யூர்
20.7.2024

அன்பு மருமகளுக்கு, இங்கே எல்லாரும் சுகம். கட்டைப் பிரித்தாயிற்று, ஆனால் ஊன்றி நடக்க நாளாகும்.

கை விஷயம் எனக்கு முதலிலேயே தெரியும். நீயாகக் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் ரோஷம் கீஷம் என்று எழுதிவைத்தேன். பிள்ளைகளுக்கு அப்படித்தான் அறிவு வளரும்.

இப்போது மருந்து கேள். ஓலைக் கொழுக்கட்டை. அரிசிமாவும் கருப்பட்டியும் தேங்காயும் பிசைந்து பனங்குருத்தோலை மடிப்புக்குள் வைத்துக் கட்டி அவிப்பதுதான், உனக்குத் தெரியாததல்ல. இதில் என்ன சூட்சுமம்? ஓலையின் வாலைப் பிடித்துக்கொண்டு தலையைக் கடிக்கலாம். விரல் மாவில் படவே படாது. உலகத்தில் கைப்பிடியோடு அவிக்கிற ஒரே பலகாரம் இதுதான், இதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்திருந்தால் இதற்குள் பேட்டன்ட் வாங்கியிருப்பான்.

திருக்கார்த்திகைக்குச் செய்வதை ஆடி மாதத்தில் செய்வார்களா என்று உன் மாமி கேட்டாள். செய்யக்கூடாது என்று எந்த வேதத்தில் இருக்கிறது என்று நான் கேட்டேன். தங்கப்பன் குருத்தோலைக்கு ஏற்பாடு செய்துவிட்டான். திங்கட்கிழமை வரும்.

மாமா ஜான்ரோஸ்


கொட்டாரம்
8.8.2024

அன்புள்ள மாமாவுக்கு, நாங்கள் சுகம். மாமியின் கை வலி எப்படி இருக்கிறது? அறுபது கொழுக்கட்டைக்கு ஓலை மடித்த கை அல்லவா.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஓலையைப் பிடிக்க ஒரு கை போதும். பிரிக்க இன்னொரு கை வேண்டும். இதை நீங்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. சிலர் ஓலை முடிச்சைப் பல்லால் அவிழ்க்கப் பார்த்தார்கள். சாம்பல் மாவில் விழுந்தது. பிறகு ஷெட்டே சிரித்தது. “ஏட்டி, உனக்க மாமனைக் கூட்டிட்டு வா, ஒவ்வொண்ணாப் பிரிச்சு ஊட்டட்டும்” என்று ஒருத்தி. “அவிய தென்னயில இருந்து விழுந்தாவளாமே, ஊட்டயில மடியில விழுந்திரப் போறாவ” என்று இன்னொருத்தி. நானும் சிரித்தேன்.

சாயங்காலம் சிரிப்பு நின்றது. கேட்டில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். வியாகுலம்மாள் அக்கா முதல் ஆளாகத் திறந்தார். மூடிக்குள் ஆறிப்போன ஒரு கொழுக்கட்டை. “இருபத்தாறு வருஷமா வாறேன், பையைத் தொறக்கது இதுதான் முதல் தடவ” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். தின்பண்டம் கேட்டவள் நான்தானே.

முதலாளி அடுத்த மாதம் முதல் தேதிவரைதான் கெடு கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு தின்பண்டமும் இல்லை, நானும் இல்லை.

மாமா, ஒன்று கேட்கிறேன். பஹ்ரைனில் அந்த நானூறு பேரும் கப்பல் வேலை செய்தவர்கள் என்று அம்மா சொன்னாள். அவர்கள் கையும் கிரீசும் எண்ணெயுமாகத்தானே இருந்திருக்கும். நான்கு மணிக்கு அவர்கள் எப்படித் தின்றார்கள்? அவ்வளவு கதை சொல்லியிருக்கிறீர்கள், இதை மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே.

ரெஜிலா


நெய்யூர்
27.8.2024

அன்பு ரெஜிலாவுக்கு, சுகம். பதில் எழுதக் கொஞ்சம் நாளாகிவிட்டது. பேனா சரியில்லை.

நீ கேட்டதற்குப் பதில். அது கப்பல் பழுதுபார்க்கும் யார்டு. கிரீஸ் என்றால் நீ நினைக்கிற கிரீஸ் அல்ல, முழங்கைவரை ஏறும். நான்கு மணிக்கு டீயும் சமோசாவும் வரும், பத்து நிமிஷம் நேரம். குழாய் யார்டின் அந்தக் கோடியில். போக மூன்று நிமிஷம், வர மூன்று நிமிஷம்.

அங்கே முபாரக் என்று ஒரு முதலாளி. குள்ளமான ஆள். நரைத்த தாடி நெஞ்சுவரை. இடது காதின் கீழே ஒரு மச்சம். நான்கு அடித்ததும் ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு வருவார், கையில் பெரிய கெட்டிலில் வெந்நீர். பின்னால் ஒருவன் சோப்பும் மரத்தூளும் எடுத்து வருவான். இருக்கிற இடத்திலேயே ஒவ்வொருவன் கையிலும் முபாரக்கே ஊற்றுவார். ரொம்பச் சூடாகவும் இருக்காது, ஆறியும் இருக்காது. கிரீஸ் இளகி விரலிடுக்கிலிருந்து வழியும்போது, நம் கை மறுபடியும் நமக்கே கிடைத்த மாதிரி இருக்கும். “கழுவு, தின்னு, பிறகு வேலை” என்பார். கழுவுகிற நேரமும் வேலை நேரம்தான், கூலியில் பிடிக்க மாட்டார்.

இதை உன் முதலாளியிடம் சொல்லிப் பார்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

மாமா


கொட்டாரம்
19.9.2024

அன்புள்ள மாமாவுக்கு, இங்கே சுகம் என்று வெறுமே எழுதினால் போதாது, ரொம்பச் சுகம்.

முதலாளியிடம் சொன்னேன். முபாரக் தாமே ஊற்றுவார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அரபிக்காரன் ஊத்துவாம்னா எனக்கென்ன கை ஒடிஞ்சா கிடக்கு?” என்றார். கொட்டை அவிக்கிற பாய்லரிலிருந்து வெந்நீர் தினமும் சாக்கடையில்தான் போய்க்கொண்டிருந்தது, தெரியுமா? மறுநாள் வீட்டிலிருந்து மூக்கு வைத்த பித்தளைக் கிண்டியைக் கொண்டு வந்துவிட்டார். பூஜையறைக் கிண்டியாம், அவர் வீட்டம்மா கோபித்துக்கொண்டாராம்.

நான்கு அடித்தது. முதலாளி கிண்டியோடு ஷெட்டுக்குள் வந்து நிற்கிறார். ஒருத்தியும் அசையவில்லை. அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, கிண்டி மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அப்போது வியாகுலம்மாள் அக்கா எழுந்து வந்து கையை நீட்டினார். நீட்டினார் மாமா, மூடியை அல்ல, கையை.

“சூடு கூடிப்போச்சு முதலாளி.”

“அப்பம் பச்சத்தண்ணி கலக்குட்டி, பாத்துட்டு நிக்கா.” முதலாளி இதைச் சொன்னது எனக்கு.

அறுபது பேர் சேர்ந்து வடை மெல்லுகிற சத்தத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். பையைத் திறக்கிற வேலையும் அன்றோடு நின்றது. இருபது நாள் ஆகிறது. கழுவுகிற நேரத்துக்கும் கூலி உண்டு என்று சொல்லிவிட்டார். உடைகிற பருப்பு குறைந்து முழுப்பருப்பு கூடியிருக்கிறது என்று அவரே எடை போட்டுப் பார்த்து மீசையைத் தடவிக்கொள்கிறார்.

எல்லாம் உங்கள் முபாரக்கால்தான். அவரைப் பற்றி இன்னும் எழுதுங்கள்.

ரெஜிலா


கொட்டாரம்
30.10.2024

அன்புள்ள மாமாவுக்கு, சுகமா? ஆறு வாரமாக டிரம் மூடிக்குள் உங்கள் கடிதம் இல்லை. வடை மட்டும்தான் வருகிறது. என் பேச்சை அறுக்க ஆள் இல்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

நல்ல செய்தி. என் வேலையை நிரந்தரமாக்கி முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார். அம்மா சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தாள்.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் விழாவில் குழாயடிக்கு மேலே முபாரக்கின் படத்தை மாட்ட வேண்டும் என்று முதலாளி ஒற்றைக் காலில் நிற்கிறார். போட்டோவும் முகவரியும் வேண்டும். இத்துடன் தங்கப்பன் கொண்டு வருவது முதல்தரப் பருப்பு ஒரு பெட்டி. அதை அவருக்கு அனுப்பிவைக்கச் சொன்னார். “கொட்டாரத்துல ஒரு சிஷ்யன் இருக்கான்னு சொல்லச் சொல்லு” என்றார். வியாகுலம்மாள் அக்காவும் தினமும் கேட்கிறார், “அந்த அரபி இப்பமும் ஊத்துவாரா மக்கா?” என்று.

அவர் இப்போது எங்கே இருக்கிறார் மாமா?

ரெஜிலா


நெய்யூர்
6.11.2024

அன்புள்ள ரெஜிலாவுக்கு நேசபாய் மாமி எழுதுவது. எல்லாரும் சுகம். வேலை உறுதியானது கேட்டு சந்தோஷம்.

மாமா தினமும் எழுதுகிறார், எழுதிக் கிழிக்கிறார். கிழித்ததை நான் அடுப்பு பற்றவைக்க எடுக்கிறேன். அவர் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம், எந்தப் பாதி என்று இருபத்தெட்டு வருஷமாக எனக்கும் தெரியாது. தென்னைமரத்திலிருந்து அவர் விழவில்லை. டியூப்லைட் மாட்ட ஸ்டூலில் ஏறி விழுந்தார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஊருக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும், ஒரு கிளாஸ் டீ குடிப்பதற்குக்கூட இவர் மூன்று தடவை கை கழுவுவார். சோப்பு மாதம் ஐந்து ஆகிறது. ஏன் என்று நான் கேட்டதில்லை. நீயும் அதட்டிக் கேட்காதே.

நாளைக்குப் பழம்பொரி.

மாமி


நெய்யூர்
24.11.2024

அன்பு மருமகள் ரெஜிலாவுக்கு மாமா ஜான்ரோஸ் எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகமும் உத்தியோக உயர்வும் தங்கப்பன் வாயிலாக இந்த ஊர் முழுக்கத் தெரியும், நானும் கொஞ்சம் சொன்னேன்.

நான் சொன்னதெல்லாம் நடந்தது என்பதை முதலில் குறித்துக்கொள். உனக்கு வேலை நிலைக்கும் என்றேன், நிலைத்தது. அந்தப் பெண்கள் தின்பார்கள் என்றேன், தின்கிறார்கள். உன் முதலாளி போட்டோ கேட்பார் என்பதை மட்டும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. அது என் கணக்கில் வராமல் போய்விட்டது.

பருப்புப் பெட்டியை நானும் மாமியும் பிரித்துவிட்டோம். கையைக் கழுவிவிட்டுத்தான் தின்றேன். மீதியைக் கேரல் பாட வருகிற பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறாள்.

மக்கா, நான் கேன்டீன் பக்கம் போனவன் அல்ல. யார்டில் கப்பல் சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் கிரீஸ் பூசுகிறவன். நானூறு பேர் உண்மை, பதினோரு வருஷம் உண்மை, டீயும் சமோசாவும் உண்மை. குழாய் அந்தக் கோடியில் இருந்ததும் உண்மை. போய்க் கழுவி வந்தால் டீ ஆறிவிடும், மணி அடித்துவிடும். அதனால் பேப்பர் கப்பின் விளிம்பைப் பல்லால் கடித்துத் தூக்கிக் குடிக்கப் பழகினேன். சமோசாவைப் பேப்பரோடு சட்டைப் பைக்குள் போடுவேன். ராத்திரி தின்னும்போது அதிலும் கிரீஸ் வாடை அடிக்கும். நீ மூடியைப் பற்றி எழுதிய அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. என் கையை நானே மறந்து ரோஷம் என்று எழுதினேன் பார், அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

முதலாளியிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பொறுப்பு. சொன்னால் அவர் கிண்டியைக் கீழே வைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். ஆனால் யோசித்துப் பார்த்தால், மாட்ட வேண்டியது உன் முதலாளியின் படத்தைத்தான். வியாகுலம்மாளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடு. அந்தப் பெண் பையைத் திறந்து காட்டியவள்.

அம்மாவுக்கும் உனக்கும் என் அன்பு. கிறிஸ்துமஸ் விழாவுக்குத் தங்கப்பன் வண்டியில் நானே வருகிறேன், டிரம்மோடு. கிண்டி பிடிக்க ஆள் வேண்டுமென்றால் எனக்கு இப்போது கால் சரியாகிவிட்டது.

இப்படிக்கு,
மாமா ஜான்ரோஸ்

பின்குறிப்பு: நாங்கள் டீ குடிக்கிற இடத்துக்கு நேர் எதிரே ஆபீஸ் கதவு. பச்சை பெயின்ட். பதினோரு வருஷம் நான்கு மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், யாராவது ஒரு கெட்டில் வெந்நீரோடு வெளியே வருவார் என்று. வந்தால் அவர் குள்ளமா உயரமா, தாடி எதுவரை, மச்சம் எந்தக் காதின் கீழே என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பெயர்கூட வைத்திருந்தேன். கதவு ஒரு நாளும் திறக்கவில்லை.